இத்திமடு வோமருக்குத் திரைநீக்கம்

லண்டனில், பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு முன்னறை மிகச் சின்னது. ஒரு சோபா, ஒரு டிவி, ஒரு மாதா சொரூபம். இவற்றுக்கு நடுவே ஒருவர் நடந்து போகவேண்டுமென்றால் மற்றவர் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். அந்த அறைக்குள்தான் எங்கள் ஊர்ச்சங்கமான இத்திமடு மக்கள் ஒன்றியம் தன்னுடைய வரலாற்றுச் சாதனையைக் கொண்டுவந்து இறக்கியது.

சாதனையின் பெயர் வோமர். பிறந்த பிள்ளையைக் கிடத்த ஒரு தட்டு, தட்டுக்கு மேலே சூடு தரும் விளக்கு, கீழே சில்லுப் பூட்டிய கால். அவ்வளவுதான். வன்னியில் எங்கள் இத்திமடு ஆஸ்பத்திரியில் நின்ற வோமர் பழுதாகி வருடக்கணக்காகிவிட்டது. சண்டையில் பாதி இடிந்த ஆஸ்பத்திரி அது. திருப்பிக் கட்டியபோது சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், வாசலில் பெயர்ப்பலகை வைத்தார்கள், பிள்ளைப்பேற்று அறையை மறந்துவிட்டார்கள். நேர்ஸ்மார் பிள்ளைக்கு மேலே மேசை விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். வன்னி வெயிலில் யாருக்குக் குளிர் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றியத் தலைவரும் அதைத்தான் கேட்டார். மாதம் நிறையாமல் ஈரத்தோடு பிறக்கிற பிள்ளைக்கு எந்த வெயிலும் காணாது என்று அங்கிருந்து நேர்ஸ் போனில் விளங்கப்படுத்திய பிறகு, "அப்ப சரி, விழா வைப்பம்" என்றார்.

என் தங்கையின் மகள் றொஷானி, முறைக்கு எனக்குப் பெறாமகள், அதற்கு முந்தின வருடம் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். பிள்ளை முந்திப் பிறந்துவிட்டது. கைக்குள் அடங்குகிற பிள்ளை. இங்கே வைத்திருக்க வசதியில்லை என்று அம்புலன்சில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பினார்கள். பாலம் தாண்டமுன்னமே பிள்ளை குளிர்ந்துவிட்டது. றொஷானி போனில் என்னிடம் அழவில்லை. "பெரியம்மா, நான் என்ரை சட்டைக்குள்ளயும் வைச்சுப் பாத்தன்" என்று மட்டும் சொன்னாள்.

வோமர் வாங்குகிற நேரம் அவளுக்குத் திரும்பவும் வயிற்றில் பிள்ளை. ஆவணிக் கடைசியில் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் அந்த வோமர் இத்திமடு போய்ச் சேரவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அது எவ்வளவு பேராசை என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் சனத்துக்குக் கை தாராளம். கேட்டவுடனே கொடுத்தார்கள், சித்திரையிலேயே வோமரை வாங்கியும் விட்டார்கள். என் மனுசன் அருள்நேசன் கடைகளுக்கு மரக்கறி இறக்குகிற வான் ஓடுகிறார். ஒன்றியத்தில் யாரிடம் வான் இருக்கிறதோ அவரே போக்குவரத்துப் பொறுப்பாளர். ஆகையால் அவர் போய் ஏற்றி வந்தார். அப்படியே அப்டன் பார்க்கில் ஊருக்குச் சாமான் அனுப்புகிற யேசுரட்ணம் அண்ணையின் பார்சல் கடையில் இறக்கிவிட்டால் கதை முடிந்தது என்று நினைத்து, ஒரு மரியாதைக்குத் தலைவருக்குப் போன் எடுத்தார். அதுதான் பிழை.

தலைவர் பாலேந்திரா அண்ணைக்கு ரெய்னர்ஸ் லேன் பக்கம் கார்களுக்கு எண்ணெய் அடிக்கிற பெற்றோல் செற் இருக்கிறது, நல்ல வீடு இருக்கிறது, நல்ல மனமும் இருக்கிறது. பேசத் தொடங்கினால்தான் ஒரு மண்டபத்துக்குப் பேசுவார்.

"அருள், நீர் அவசரப்படக்கூடாது. திரைநீக்கம் செய்யாமல் ஒரு சாமானை எப்பிடி அனுப்புறது?"

"இத்திமடுவிலையே திரையை நீக்கலாம்தானே அண்ணை?"

"அங்கை ஆர் இருக்கினம் பாக்கிறதுக்கு?"

என் மனுசன் போனை வைத்துவிட்டு, வானிலிருந்து வோமரை இறக்கி முன்னறைக்குள் உருட்டினார். சோபா மாடிக்குப் போனது. அடுத்த நாள் செயலாளர் புவனேந்திரன் வந்து ஒரு பட்டுச்சேலையால் வோமரைத் தலையிலிருந்து கால்வரை மூடினார். திரைநீக்கம் என்றால் முதலில் திரை வேண்டுமல்லவா? "இனி விழா வரைக்கும் ஒருத்தரும் திறக்கக்கூடாது, தங்கச்சி" என்று கண்டிப்பாகச் சொன்னார். மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் பட்டுடுத்து நின்ற அதைப் பார்த்துவிட்டு, மீற்றர் பார்க்க வந்த வெள்ளைக்காரப் பெடியன் தலையைக் குனிந்து வணங்கிவிட்டுப் போனான்.

விழா உடனே நடக்கவில்லை. முதலில் பெயர்ப்பலகைப் பிரச்சினை வந்தது. தலைவர் தன் தகப்பனின் நினைவாக என்றார். செயலாளர் தன் தாயின் நினைவாக என்றார். இரண்டு பலகையும் போடலாம் என்று ஒருவர் சமாதானம் சொல்ல, மற்றக் கொடையாளிகளும் எழும்பினார்கள். பல கூட்டங்களுக்குப் பிறகு தட்டின் நாலு பக்கமும் பலகை அடிப்பதென்று தீர்மானமானது. அப்படியென்றால் உள்ளே கிடக்கிற பிள்ளையை நேர்ஸ் எப்படிப் பார்ப்பது என்று நான் கேட்டேன். நல்ல கேள்வி என்று பாராட்டி, பலகைகளை விளக்கின் அடிப்பக்கத்தில் ஒட்டுவதென்று மாற்றினார்கள். பிள்ளை கண்ணைத் திறந்ததும் முதலில் நன்கொடையாளரின் பெயரைத்தான் பார்க்கும் என்று புவனேந்திரன் விளக்கினார். பிறந்த கையோடு எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகள் இத்திமடுவில் பிறப்பதில்லை என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை. பித்தளைப் பலகைகள் பெயர் பொறித்து வந்தன. விழாவன்றுதான் ஒட்டுவதென்று அவற்றையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு மண்டபம் எடுத்தாயிற்று, அழைப்பிதழ் அடித்தாயிற்று. நான் சேலைக்கு பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டேன். அந்தக் கிழமைதான் தலைவரின் மகன் அர்ஜுனுக்குப் பெண்பிள்ளை பிறந்தது.

எல்லாருக்கும் சந்தோசம். எனக்கும்தான். இனிப்போடு ரெய்னர்ஸ் லேன் போகலாம் என்று நான் வெளிக்கிட, புவனேந்திரன் போன் எடுத்தார். குரல் செத்தவீட்டுக் குரல்.

"விழா பின்போடுறம் தங்கச்சி. தலைவருக்குத் துடக்கு."

இந்துக் குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் பங்காளிகளுக்கெல்லாம் ஒரு மாதம் துடக்கு. கோயிலுக்குப் போகமாட்டார்கள், நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள். முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து கழித்த பிறகுதான் எல்லாம். இது எனக்குத் தெரியாததில்லை, ஊரில் பக்கத்து வீட்டில் பார்த்து வளர்ந்ததுதான். அது அவர்களுடைய முறை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

"அப்ப நீங்கள் விளக்கேத்துங்கோவன், அண்ணை" என்றேன்.

"நான் தலைவற்றை சித்தப்பா மகன் எல்லோ? எனக்கும் துடக்கு."

"பொருளாளர்?"

"அவர் பெரியப்பா வழி."

"உபதலைவர்?"

"அவரும்தான்."

இத்திமடு மக்கள் ஒன்றியத்தின் நிர்வாகசபை வருடாவருடம் ஜனநாயக முறைப்படி தெரிவாகிறது. தெரிவாகிறவர்கள் எல்லாரும் ஒரே பூட்டனின் வழியாக இருப்பது தற்செயல். பூட்டன் ஜனநாயகத்தில் நம்பிக்கை உள்ளவராக இருந்திருக்க வேண்டும்.

இப்படியாக, பிறந்த பிள்ளைகளைக் காப்பாற்றும் இயந்திரம் ஒன்று, பிள்ளை பிறந்த காரணத்தால் தடைப்பட்டது. இதை ஆராய ஒன்றியம் சூமில் ஒரு அவசரக் கூட்டம் வைத்தது. சூமில் துடக்குத் தொற்றாது என்று ஐயரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன். "எங்களுக்குத் துடக்கு இல்லை. நாங்கள் மாதா கோயில் வேதக்காரர். நானும் இவரும் கொண்டுபோய்ப் பார்சல் கடையிலை குடுத்திட்டு வாறம். நீங்கள் ஒருத்தரும் தொடத் தேவையில்லை. துடக்குக் கழிஞ்சாப் பிறகு விழாவை ஆறுதலா வையுங்கோ."

எல்லாரும் மியூட்டில் இருக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன்.

தலைவர் பேசினார். "தங்கச்சி, உங்கடை மனம் எனக்கு விளங்குது. ஆனால் நாங்கள் ஒரு அமைப்பு. அமைப்பெண்டால் முறை வேணும். பிள்ளையள் இண்டைக்கும் பிறக்கும், நாளைக்கும் பிறக்கும். முறை ஒருக்காப் போச்செண்டால் திரும்பி வராது."

"அண்ணை, பெற்றோல் செற் திறந்திருக்கோ?"

"ஓம், ஏன்?"

"துடக்கெண்டு பூட்டேல்லையோ?"

"அது வியாபாரம், தங்கச்சி" என்றார், சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல. மற்றவர்கள் தலையாட்டினார்கள். மரக்கறி வானுக்குள்ளிருந்து கூட்டத்துக்கு வந்திருந்த என் மனுசனும் சேர்ந்து தலையாட்டியதைக் கண்டேன். வீட்டுக்கு வரட்டும் என்று இருந்தேன்.

துடக்கில்லாத ஒரே வீடு என்பதால் வோமர் எங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் கூட்டத்தின் ஒரே தீர்மானம். இடைக்கிடை புவனேந்திரன் பார்க்க வருவார். துடக்கென்றபடியால் உள்ளே வராமல் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார். "திரை கசங்கேல்லைத்தானே?" என்று கேட்பார். திரைக்கு உள்ளே இருப்பதைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருவழியாகத் துடக்கு முடிகிற நாளும் வரும்தானே என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். புவனேந்திரன் திரும்பவும் போன் எடுத்தார்.

"தங்கச்சி, துடக்குக் கழியேக்கை ஆடி பிறந்திடும்."

"பிறந்தால்?"

"ஆடியிலை ஆரும் நல்ல காரியம் செய்யிறதோ? ஆவணியிலை வைப்பம்."

"ஆவணியிலை என்ரை பெறாமகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது அண்ணை."

"ஆ, நல்ல விசயம்! ஆவணி நல்ல மாதம்" என்றார்.

அன்றைக்கு நான் அழுதேன். சட்டிபானை கழுவுகிற சத்தத்தில் அருளுக்குக் கேட்டிருக்காது. பாவம், அவர் என்ன செய்வார்? ஒன்றியத்தில் எதிர்த்துக் கதைத்தால் அடுத்த கலியாணவீட்டில் எங்களோடு ஒருவரும் ஒரே மேசையில் இருக்கமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. லண்டனில் குளிரைத் தாங்கலாம், சொந்தபந்தம் முகத்தைத் திருப்பினால் தாங்க ஏலாது.

வேதக்காரருக்குத் துடக்கு வீட்டுக்குப் போகத் தடையில்லை. அடுத்த சனிக்கிழமை நான் ரெய்னர்ஸ் லேன் போய்ப் பிள்ளையைப் பார்த்தேன். அர்ஜுனின் மனைவி ஜதுர்ஷிகா இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாய்க் கதைப்பாள். பிள்ளை கொழுகொழுவென்று நித்திரையாய்க் கிடந்தது.

"ஷீ வாஸ் புளூ, அன்ரி" என்றாள் ஜதுர்ஷிகா. "பிறக்கேக்கை நீலம். எனக்குத் தரவே இல்லை. மூலையிலை ஒரு மெசின், மேல லைட். அதுக்குக் கீழ வைச்சுத் துடைச்சிச்சினம். நான் பாத்துக்கொண்டே கிடந்தன். கொஞ்சம் கொஞ்சமாப் பிங்க் ஆச்சுது. பிறகு அழுதுது. அந்தச் சத்தம் இருக்கே அன்ரி..." பிள்ளையின் காலைத் தடவினாள்.

"அந்த மெசின் எப்பிடி இருந்தது, பிள்ளை?"

அவள் கையால் காட்டினாள். ஒரு தட்டு, மேலே விளக்கு, கீழே சில்லு.

எங்கள் முன்னறையில் சேலை கட்டி நின்றது அதேதான். தலைவரின் பேத்தியை மூச்சுவிட வைத்த சாமான், அந்தப் பேத்தி பிறந்த குற்றத்துக்காக பிளேஸ்டோவில் சிறையில் இருந்தது. நான் தேத்தண்ணி குடித்தது பாதி, குடியாதது பாதியாக எழும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அருளிடம் சொன்னேன். "இஞ்சேருங்கோ, வானை எடுங்கோ."

"எங்கை?"

"யேசுரட்ணம் அண்ணையிட்டை."

அவர் சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாலேந்திரா அண்ணை கேட்டா?"

"கேட்டா நான் சொல்லுறன். களவெடுத்து விக்கவோ போறம்? போகவேண்டிய இடத்துக்குத்தானே போகுது."

அருள் சேலையின் முடிச்சை அவிழ்த்தார். என் மனுசன் பயந்தவர்தான், ஆனால் அன்றைக்கு அவரே வோமரை உருட்டி வானில் ஏற்றினார். யேசுரட்ணம் அண்ணை விமானத்தில் போட்டுவிட்டார். பித்தளைப் பலகைகளை மட்டும் கவனமாக வீட்டில் வைத்துக்கொண்டேன். அவை ஒன்றியத்தின் சொத்து.

ஆடி முடியமுன்னமே வோமர் இத்திமடு போய்ச் சேர்ந்துவிட்டது. பிள்ளைப்பேற்று அறையில் அது நிற்கிற படத்தை நேர்ஸ் எனக்கு அனுப்பினார். நான் ஒளிக்கவில்லை. அந்தப் படத்தை ஒன்றியத்தின் வாட்சப் குறூப்பிலேயே போட்டு, "வோமர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது" என்று எழுதினேன். உடனே பலர் கைகூப்பினார்கள். சிலர் பூப் போட்டார்கள். புவனேந்திரன் அதற்குக் கீழே ஆவணி விழாவின் அழைப்பிதழைப் போட்டார்.

வாயாலும் சொன்னேன். தலைவருக்குப் போன் எடுத்தேன். "தங்கச்சி, இப்ப நான் தலைமையுரை எழுதிக்கொண்டிருக்கிறன், விழா முடியக் கதைப்பம்" என்றார். புவனேந்திரனிடம் சொன்னேன்.

"மெசின் போயிட்டுது, அண்ணை."

"எங்கை போயிட்டுது?"

"இத்திமடுவுக்கு."

"அது சரி. ஆனா விழாவுக்கு முதல்நாளே மண்டபத்துக்கு வந்திடவேணும், என்ன?"

இதற்கு மேல் ஒரு மனுசி என்ன செய்யலாம்?

விழா நெருங்க நெருங்க அருளுக்கு நித்திரை இல்லை. மேடையில் சேலைக்குக் கீழே ஏதாவது நிற்கவேண்டுமே. எங்கள் பங்கில் பூசைக்கு வருகிற றொமேஷ், பிளேஸ்டோவில் கோழியும் சிப்ஸும் விற்கிற கடை வைத்திருக்கிறான். அவனுடைய கடையின் பின்பக்கத்தில் ஒரு பழைய சாமான் கிடந்தது. பொரித்த சிப்ஸைக் கொட்டிவைக்கிற தட்டு, ஆறாமல் இருக்க மேலே ஒரு சூட்டு விளக்கு. அருள் அதைத் தேய்த்துக் கழுவி, கீழே சில்லுப் பூட்டி, பட்டுச்சேலையைச் சுற்றிக் கட்டினார். நான் சிரித்தேன். பிறகு பயந்தேன். பிறகு மாதாவைப் பார்த்து, "நீங்கள்தான் பாத்துக்கொள்ளவேணும்" என்றேன்.

ரெய்னர்ஸ் லேனில் மண்டபம் நிறைந்த கூட்டம். மங்கள விளக்கேற்றப் பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டு, விளக்கில் திரி முடிந்துபோய்ப் புதுத்திரி போட்டார்கள். அகவணக்கம், ஆசியுரை, வரவேற்புரை. பிறகு வரவேற்பு நடனம். மிதுஷா என்று ஒரு வளர்ந்த பிள்ளை குளிரில் நடுங்கும் சிசுவாக ஆட, செம்மஞ்சள் துணியோடு ஒரு கூட்டம் பிள்ளைகள் வோமராகச் சுற்றி ஆடினார்கள். சிசுவுக்குக் காலில் சதங்கை, தலையில் நெற்றிச்சுட்டி, இடுப்பில் ஒட்டியாணம்.

தலைவர் தலைமையுரை ஆற்றினார். "ஒரு குழந்தை பிறக்கிறது. நல்லது. ஆனால் அதற்குப் பிறகு என்ன? அதைத்தான் நாங்கள் மாதக்கணக்காகச் சிந்தித்தோம். அவசரப்பட்டிருந்தால் இந்த இயந்திரம் சித்திரையிலேயே போயிருக்கும். அப்படிப் போயிருந்தால் நீங்கள் இன்று இங்கே கூடியிருப்பீர்களா? இத்திமடுவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் இனி எங்களை நினைக்கும். இதுவரை பல குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை!"

கைதட்டல். நான் மடியில் கிடந்த போனை இறுக்கிப் பிடித்தேன். காலையிலிருந்து தங்கை போன் எடுக்கவில்லை. முதல்நாள் றொஷானிக்கு இடுப்பு நோகிறது என்று சொல்லியிருந்தாள். பேற்றுக்கு நாள் இன்னும் கிடந்தது. நாள் கிட்டியதும் நகரத்தில் போய்த் தங்கச் சொல்லியிருந்தார்கள், அதற்குள் நோகத் தொடங்கிவிட்டது.

பிரதம விருந்தினர் டொக்டர் சிவமலர் மேடைக்கு வந்தார். அவர் டொக்டர்தான், கொங்கிறீற்றில் ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். அழைப்பிதழில் டொக்டர் என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள். "கொங்கிறீற்றுக்கும் குழந்தைக்கும் முதல் மணித்தியாலங்கள்தான் முக்கியம்" என்று தொடங்கி, இரண்டையும் வெடிப்பு வராமல் பார்ப்பது எப்படி என்று விளக்கினார். தலைவரும் அவரும் சேர்ந்து சேலையை இழுத்தார்கள். நாதஸ்வரம் முழங்கியது. புவனேந்திரன் சுவிட்சைப் போட, றொமேஷின் கடைச் சாமான் செம்மஞ்சளாய் எரிந்தது. அருள் வானில் கொண்டுவந்து ஒட்டியிருந்த பித்தளைப் பலகைகள் அதில் பளபளத்தன. சனம் எழும்பி நின்று கைதட்டியது.

டொக்டர் சிவமலர் தட்டுக்குள் கையை வைத்துப் பார்த்துக் கண்ணை மூடினார். "தாயின் மடிச்சூடு" என்றார் மைக்கில். பிறகு மூக்கைச் சுளித்து, மைக்கை விலக்காமலே, "ஒரு பொரியல் மணமும் வருகுது" என்றார்.

"புதுச் சாமான் எல்லோ, அப்பிடித்தான்" என்றார் தலைவர்.

எனக்குப் பின்வரிசையில் பிள்ளையோடு ஜதுர்ஷிகா இருந்தாள். துடக்குக் கழித்து முதல்முதல் வெளியே வந்திருக்கிறாள். முன்னால் குனிந்து என் காதுக்குள் கேட்டாள். "அன்ரி, தற்ஸ் நொற் இற். நான் பாத்தது இது இல்லை. இது சிப்ஸ் கடையிலை இருக்கிறது."

"ஓம் பிள்ளை. உண்மையானது போன மாதமே இத்திமடு போயிட்டுது. குறூப்பிலை படம் போட்டனான், ஒருத்தரும் வாசிக்கேல்லை."

மேடையில் மாமனார் வோமரின் தலையில் கைவைத்துப் படத்துக்கு நின்றார். அவள் சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ என் தோளை இறுக்கிப் பிடித்து, "தாங் கோட், அன்ரி, நல்ல காலம்" என்றாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது.

அப்போதுதான் என் போன் அதிர்ந்தது. தங்கை. மண்டபத்தில் நாதஸ்வரம், நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"அக்கா, பொம்பிளைப் பிள்ளை. நல்லாச் சின்னன். றொஷானி சுகம். பிள்ளையை அந்த மெசினிலை வைச்சிருக்கினம். காலந்தப்பின மழை பெய்து ரோட்டெல்லாம் வெள்ளம் அக்கா, அம்புலன்ஸ் எடுக்கவும் ஏலாது. அந்த மெசின் இல்லையெண்டால்..." பிறகு அழுகை. பின்னால் வேறொரு சத்தம் கேட்டது. பூனைக்குட்டி கத்துவதுபோல மெல்லிய சத்தம். "கேக்குதோ அக்கா? கத்துறாள். காலமை தொடக்கம் கத்துறாள்."

கேட்டது. ரெய்னர்ஸ் லேனில் ஒரு மண்டபம் முழுக்கக் கைதட்டினாலும் எனக்கு அது ஒன்றுதான் கேட்டது. நான் எழும்பி நின்று கைதட்டினேன். கண்ணீர் வழியவழியக் கைதட்டினேன். மேடையிலிருந்து தலைவர் என்னைக் கண்டார். அவருடைய உரைக்கு இவ்வளவு காலமும் ஒருவரும் அழுததில்லை.

"இங்கே ஒருவரை நான் மறக்கமுடியாது" என்று மைக்கைப் பிடித்தார். "இத்தனை மாதமும் இந்த வோமரைத் தன் வீட்டில் வைத்து, கண்ணின் மணிபோல் பாதுகாத்த எங்கள் இம்மாகுலேற் தங்கச்சியை மேடைக்கு அழைக்கிறேன்!"

வோமரைப் பத்திரமாகப் பாதுகாத்ததற்காக, ஒரு சிப்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் தலைவரின் காதுக்குள் கடைசித் தடவையாகச் சொன்னேன். "அண்ணை, எங்கடை மெசினிலை இண்டைக்கு ஒரு பிள்ளை உயிர் தப்பியிருக்கு."

"பாத்தியளே?" என்றார் பாலேந்திரா அண்ணை, பூரித்துப்போய். "முறைப்படி செய்தா உடனே பலன். கமராவைப் பாருங்கோ, தங்கச்சி."

நன்றியுரையில் புவனேந்திரன் ஒரு அறிவித்தல் விடுத்தார். இவ்வளவு அருமையான சாமானை உடனே அனுப்பிவிட்டால் மற்ற இடத்துத் தமிழ்ச்சனம் எப்படிப் பார்ப்பது? ஆகையால் வோமர் முதலில் லண்டன் முழுக்க மண்டபம் மண்டபமாகக் காட்சிக்கு வைக்கப்படும், அனுப்புவதைப் பற்றி அடுத்த பொதுக்கூட்டம் தீர்மானிக்கும்.

அப்படியே நடக்கிறது. வாராவாரம் என் மனுசன்தான் வானில் ஏற்றி இறக்குகிறார். போன இடமெல்லாம் புதுப்புதுப் பித்தளைப் பலகைகள் ஏறுகின்றன. ஒரு விழாவில் பொரித்த ரோல்ஸ் ஆறிப்போகிறதென்று யாரோ அதில் அடுக்கிவைக்க, புவனேந்திரன் ஓடிப்போய்த் தடுத்தார். "இது பிள்ளையளுக்கு உரியது" என்று சத்தம் போட்டாராம். றொமேஷ் தன் தட்டைத் திருப்பிக் கேட்டுக் கேட்டுக் களைத்து, புதுசு வாங்கிவிட்டான்.

பொன்னாடையை நான் றொஷானிக்கு அனுப்பிவைத்தேன். பிள்ளைக்கு விரிக்க ஏலாது பெரியம்மா, சரிகை குத்துது என்றாள். ஜன்னலுக்குத் திரையாகக் கட்டியிருக்கிறாள். போன கிழமை வீடியோவில் கண்டேன். பிள்ளை நாலுகாலில் தவழ்ந்துபோய் அந்தத் திரையைப் பிடித்து இழுத்து விழுத்திவிட்டுச் சிரிக்கிறது. திரைநீக்கம் என்றால் அதுதான் திரைநீக்கம்.

றொஷானியின் மகளுக்கு முன்பல்லு இரண்டும் வந்துவிட்டது. இத்திமடு வோமர் இன்னும் லண்டனை விட்டுப் புறப்படவில்லை.